உங்கள் பெற்றோர் மறுத்துவிட்டார்

ஒரே ஒரு தீமை சொல்லுங்க சார். ஒண்ணு போதும். நன்மை என்கிட்ட எக்கச்சக்கமா இருக்கு. இந்தா பாருங்க, நாலு பக்கம் எழுதி மடிச்சு வச்சிருக்கேன். தீமைதான் ஒண்ணுகூடச் சிக்க மாட்டேங்குது. துறையூர்ல பஸ் ஏறினதுலேருந்து மண்டையைப் போட்டு உடைச்சிட்டிருக்கேன். நாமக்கல் வர்றதுக்குள்ள ஒண்ணு கிடைச்சாகணும்.

ஜன்னலைத் திறக்காதீங்க சார், வேணாம். புழுதி அடிக்கும். வெள்ளைச் சட்டை. இன்னைக்கு மேடை ஏறணும்.

சொல்றேன், முதல்லேருந்தே சொல்றேன். எம்பேரு தனபால். துறையூர்ல உரக்கடை வச்சிருக்கேன். எனக்கு ஒரே பொண்ணு, கனிஷ்கா. நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஹாஸ்டல்ல தங்கிப் பன்னெண்டாவது படிக்கிறா. டாக்டராக்கணும்னு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன். இன்னைக்கு அங்க ஆண்டு விழா. எனக்குப் பொன்னாடை போத்துறாங்க. பொண்ணுக்கு இல்ல சார், எனக்கு! 'சிறந்த பெற்றோர்'னு விருது. தாளாளரே போன் பண்ணாரு. 'தனபால், நீங்க மேடையில அஞ்சு நிமிஷம் பேசணும். பள்ளிக்கூடத்துல இன்டர்நெட் ஃபில்டர் வச்சதால என்ன நன்மை, என்ன தீமை. ரெண்டு பக்கமும் பேசுங்க. ஒரு பக்கமாவே பேசினா நாங்க எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்'னாரு. சரிங்கன்னுட்டேன். தீமைக்கு நான் எங்க போறது?

இருங்க, போனைப் பாத்துக்கறேன்.

ஒண்ணும் வரலை. சும்மாதான் பாத்தேன். எங்க விட்டேன்?

ஃபில்டர். டீ வடிகட்டுறோம்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. தூள் மேல நின்னுக்கும், டீ மட்டும் கீழ எறங்கும். ஸ்கூல் கம்ப்யூட்டர்ல புள்ளைங்க எதைத் திறந்தாலும் அது முதல்ல பாக்கும். பாடமா இருந்தா விடும். இல்லேன்னா நிறுத்திரும். அதை எதுக்கு வச்சாங்கன்னு கேளுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அங்க ஒரு பையன் லேப்ல உக்காந்தே சூதாட்டத்துல எறங்கிட்டான். பாடம் படிக்கிறான்னு வாத்தியாருங்க நினைச்சிட்டிருக்காங்க. கடைசியில செவரு ஏறிக் குதிச்சு ஓடி, ஈரோடு ஸ்டேஷன்ல புடிச்சுக் கொண்டாந்தாங்க. அதே வருஷம் ஒரு பொண்ணு, முகம் தெரியாத எவனோடவோ பேசி, அவன் அந்தப் புள்ள போட்டோவை வச்சுக்கிட்டு மிரட்டி, பாவம், படிப்பையே விட்டுட்டுப் போயிருச்சு. நம்ம புள்ளையும் அங்கதான இருக்கு? பெத்தவங்க கூட்டத்துல ஃபில்டர்னு அவங்க வாயைத் திறந்ததும் நான்தான் முதல் ஆளா எந்திரிச்சுக் கை தட்டினேன். அதை நான் மறைக்கலை. இன்னைக்கும் தட்டுவேன்.

ஆரம்பத்துல கொஞ்சம் கூத்துதான். பூவுக்கு மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்குதுன்னு ஒரு பாடம் இருக்காமே, அதை ஃபில்டர் திறக்க விடலை. உயிரியல் டீச்சர் அழாத குறை. அதைத் தீமைன்னு சொல்லலாமா? சொல்லலாம். ஆனா மேடையில நின்னு அதை எப்படி சார் சொல்றது, முன்னாடி பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க.

அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, பெத்தவங்களுக்குன்னு ஒரு ஆப். இங்க பாருங்க, இதான். ஃபில்டர் ஒரு பக்கத்தை நிறுத்திச்சுன்னா, புள்ள 'அனுமதி வேண்டும்'னு கேக்கலாம். கீழ 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எதுக்குன்னு எழுதணும். அது நேரா என் போனுக்கு வந்துரும். எனக்கு ரெண்டே பட்டன். பச்சை, அனுமதி. சிவப்பு, மறுப்பு. அவ்வளவுதான். நாம பதில் எழுத அதுல இடம் கிடையாது. சிவப்பை அமுக்கினா அந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல 'உங்கள் பெற்றோர் மறுத்துவிட்டார்'னு வரும். சுத்தத் தமிழ்ல.

சார், எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே! புள்ள அம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கு, ஆனா கடிவாளம் என் கையில. புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் அவளுக்கு லேப். அந்த நேரத்துல கடையில யூரியா கேட்டு ஆளு நிக்கும். நிக்கட்டும்! டிங்குன்னு சத்தம் வந்ததும் எடுத்துப் பாப்பேன். 'கிரிக்கெட் ஸ்கோர். காரணம்: சும்மா.' சிவப்பு. 'கொல்லிமலை அருவி. காரணம்: பிரண்ட்ஸ் பாக்கணும்னாங்க.' சிவப்பு. 'துறையூர் மழை நிலவரம். காரணம்: நம்ம ஊர்ல மழையாப்பா?' மழை பேஞ்சா உனக்கென்ன, நனையப் போறது நானு. சிவப்பு. சட்டுனு பதில் அமுக்குற பெத்தவங்களுக்கு மாசாமாசம் நட்சத்திரம் கொடுத்து வாட்சப் குரூப்புல பேரு போடுவாங்க. எம்பேரு தொடர்ந்து முதல் இடம். கடைப் பையன்கூடக் கிண்டல் பண்ணுவான், 'மொதலாளிக்குக் கட்டை விரலே செவந்து போச்சு'ன்னு.

எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க சார். லாரி டிரைவர் ஒருத்தர், சடையப்பன்னு பேரு. அவரு பொண்ணும் எம்பொண்ணும் ஒரே ரூம். அந்த ஆளு எதைக் கேட்டாலும் பச்சை. அதுவும் எப்படின்னு நினைக்கிறீங்க? அந்தப் பொண்ணு ரோடு மேப்பைக் கேக்குமாம். காரணத்துல 'அப்பா சாப்டீங்களா?'ன்னு எழுதுமாம். இவரு பச்சையை அமுக்குவாராம். கூட்டத்துல என்கிட்டச் சொல்றாரு, 'நான் நாக்பூர்ல கெடப்பேன், புள்ளைகிட்ட போன் கெடையாது. பச்சை வந்தா அப்பா சாப்டாருன்னு அது புரிஞ்சுக்கும் சார்'னு. நான் சிரிச்சிட்டேன். அதுக்கா சார் அந்த ஆப்பு? ஒழுங்கைக் கத்துக் கொடுக்கத்தான அதை வச்சிருக்காங்க?

எருமப்பட்டி வந்துருச்சா? இன்னும் இல்லையா. சரி, சரி. இந்த டிரைவர் என்ன மாட்டு வண்டி ஓட்டுறாரா?

தீமைக்கு வருவோம். எம்பொண்டாட்டியைக் கேட்டேன், பூங்கொடியை, ஒரு தீமை சொல்லேன்னு. ஒரு மாதிரியா என்னைப் பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அவ இப்ப அதிகம் பேசறதில்ல. பேச முடியாது. பொங்கலுக்குப் பொண்ணு வந்திருந்தப்பவே பூங்கொடி கழுத்துல ஒரு வீக்கம். கனிஷ்கா பாப்பாதான் முதல்ல பாத்துச்சு, 'அம்மா, இதென்னம்மா?'ன்னு தொட்டுப் பாத்துச்சு. 'சதை போட்டிருக்குடி'ன்னு நான் சொல்லிட்டேன். பொண்ணைக் கொண்டுபோய் விட்டதும் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். தைராய்டு கட்டி, எடுத்தாகணும்னுட்டாங்க. எடுத்தாச்சு. பெரிய வியாதி ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட்டும் வந்துருச்சு, சமயபுரத்தாளுக்குத்தான் நன்றி சொல்லணும். ஆனா குரல் போயிருச்சு சார். டின்னைத் தரையில இழுத்த மாதிரி வருது. சில மாசத்துல திரும்பிரும், அதிகம் பேச விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

பொண்ணுகிட்ட நாங்க மூச்சு விடலை. நான்தான் வேணாம்னேன். பரீட்சை நேரம் சார். இதைச் சொன்னா படிப்பாளா? ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் போன்ல பேச விடுவாங்க, வார்டன் பக்கத்துல நிப்பாங்க. பூங்கொடி அந்தக் குரலோட ஒரு தடவை 'சாப்டியா சாமி'ன்னு கேட்டுட்டா. பாப்பா உடனே, 'அம்மா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?' நான் வெடுக்குன்னு போனைப் புடுங்கி, 'சளிம்மா, நீ படி'ன்னு சொல்லி வச்சிட்டேன். அதுக்கப்புறம் பூங்கொடியைப் பேச விடலை. அடுத்த தடவை, 'அம்மா கோயிலுக்குப் போயிருக்கா'ன்னேன். அதுக்கடுத்த தடவை, 'சித்தி வீட்டுக்குப் போயிருக்கா.' அப்புறம் ஒரு தடவை, 'தூங்குறா.' கடைசியா பேசினப்ப பாப்பா அம்மாவைக் கேக்கவே இல்ல. பக்குவம் வந்துருச்சுன்னு நினைச்சேன்.

பூங்கொடி பக்கத்துலயேதான் உக்காந்திருப்பா, நான் பேசறப்ப. சத்தம் வராம முந்தானையை வாயில வச்சுக்குவா. நான் என்ன சார் பண்றது? யாருக்காக இதெல்லாம் செய்றேன்? அந்தப் புள்ளைக்காகத்தான்.

இருங்க. ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. என் போனா, உங்க போனா? உங்களுதா. சரி.

இதுக்கப்புறம் பாருங்க, ஆப்புல வர ஆரம்பிச்சுது. 'கழுத்தில் கட்டி. காரணம்: உயிரியல் பாடம்.' எந்தப் பாடத்துல கழுத்துக் கட்டி வருது? சிவப்பு. 'குரல் மாறுவது ஏன். காரணம்: தெரிஞ்சுக்கணும்.' சிவப்பு. 'தைராய்டு ஆபரேஷன். காரணம்: அம்மாவுக்கு இதுதானாப்பா?' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படிக் கண்டுபுடிச்சா! சிவப்பு. அப்புறம், எங்க ஊர்ல எல்லாரும் போறதுதான, அந்தத் திருச்சி ஆஸ்பத்திரி பேரையே போட்டுக் கேக்குறா. 'காரணம்: அம்மா ஆஸ்பத்திரியிலயா இருக்காங்க?' அதைத் திறந்து விட்டா என்ன ஆகும்? அதுல அறுத்த படம், தையல் படம்லாம் போட்டு வச்சிருப்பான். புள்ள பயந்துரும் சார். பயப்படக் கூடாதுன்னுதான் சிவப்பை அமுக்கினேன். வேற எதுக்கு?

உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா? இருக்கா. அப்ப உங்களுக்குப் புரியும்.

கடைசியா ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதைத்தான் நான் மேடையில சொல்லலாம்னு இருக்கேன், இந்தக் காலத்துப் புள்ளைங்க மூளை எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறதுக்கு. அதே ஆஸ்பத்திரிப் பக்கம். காரணத்துல என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'அப்பா, எனக்குப் பக்கம் திறக்க வேண்டாம். அம்மா நல்லா இருந்தா பச்சையை மட்டும் அமுக்குங்கப்பா.' எப்படி! எப்படிப் பொறி வைக்கிறா பாத்தீங்களா? அந்த லாரிக்காரர் பொண்ணுகிட்டக் கத்துக்கிட்ட வித்தை. பச்சையை அமுக்கினா பக்கம் திறந்துரும்ல? உள்ள போய்ப் படிச்சிருவால்ல? நான் ஏமாறுவேனா? ரெண்டு மூட்டை பொட்டாஷ் தூக்கிக் கொடுத்துக்கிட்டே அமுக்கினேன், சிவப்பு.

அதோட நின்னு போச்சு சார். அப்புறம் ஒண்ணு வரலை. ஒரு புதன், ஒரு சனி இல்ல, எத்தனையோ போயிருச்சு, டிங்குன்னு ஒரு சத்தம் இல்ல. புள்ள திருந்திட்டா. அதுக்குத்தான் சார் பொன்னாடை! 'தனபால் சார் மகளிடமிருந்து இப்போது ஒரு கோரிக்கைகூட வருவதில்லை, இதுதான் நம் திட்டத்தின் வெற்றி'ன்னு குரூப்புல போட்டாங்க. வார்டனம்மாவும் சொன்னாங்க, 'இப்பல்லாம் ரொம்ப அமைதி சார், யார்கிட்டயும் பேச்சே இல்ல, சாப்பாடுதான் சரியா எடுக்க மாட்டேங்குறா'ன்னு. பரீட்சை பயம். இந்த வயசுல இருக்கறதுதான்.

சந்தோஷமாத்தான் இருக்கணும். இருக்கேன். ஆனா என்னமோ தெரியல, புதன்கிழமை சாயங்காலம் ஆனா கடையில உக்கார முடியல. எந்திரிக்கிறேன், உக்கார்றேன், போனை எடுக்கறேன், வைக்கிறேன். டீ வாங்கிக் குடிக்காமலே ஆறிப்போகுது. ஒரு நாள் ஆப் கம்பெனிக்கே போன் பண்ணிட்டேன், 'ஏங்க, என் ஆப்பு ரிப்பேராயிருச்சா, ஒண்ணும் வர மாட்டேங்குதே'ன்னு. அந்தப் பொண்ணு பாத்துட்டு, 'ஆப் நல்லாத்தான் இருக்குங்க சார். உங்க மகள்தான் எதுவும் கேக்கலை'ன்னுச்சு. அதை ஏன் அப்படிச் சொல்லணும்? வேற மாதிரிச் சொல்லலாம்ல?

காலையில பூங்கொடி குளிச்சுட்டு, புதுப் பொடவை கட்டி, தழும்பு தெரியாம கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறா. 'நானும் வர்றேங்க'ன்னு அந்தக் குரல்ல சொல்றா. நான் வேணாம்னுட்டேன். தழும்பைப் பாத்தா பாப்பா கலங்கிரும், பரீட்சை முடியட்டும்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தா. பஸ் கிளம்பறப்பவும் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா. இப்பவும் நிக்கிறாளோ என்னவோ.

என்ன சார், நானே பேசிட்டு வர்றேன், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க. தீமை ஏதாவது தோணுச்சா?

என்னது? அவ கம்ப்யூட்டர்ல எப்படித் தெரிஞ்சிருக்கும்னா? அதான் சொன்னேனே. அவ எழுதினது மேல இருக்கும். நம்ம பதில் கீழ வரும். இந்தா, இதுலயே பழசெல்லாம் வரிசையா இருக்கும். படிக்கவா? அவ படிக்கிற மாதிரியா? சரி, படிக்கிறேன், அதுக்கென்ன.

'அம்மாவுக்கு இதுதானாப்பா? உங்கள் பெற்றோர் மறுத்துவிட்டார்.'

'அம்மா ஆஸ்பத்திரியிலயா இருக்காங்க? உங்கள் பெற்றோர் மறுத்துவிட்டார்.'

'அப்பா, எனக்குப் பக்கம் திறக்க வேண்டாம். அம்மா நல்லா இருந்தா பச்சையை மட்டும் அமுக்குங்கப்பா.'

'உங்கள் பெற்றோர்...'

இல்ல சார். இருங்க. நான் பக்கத்துக்குத்தான் வேணாம்னு சொன்னேன். அவ கேட்டதுக்கு இல்ல. அது அவளுக்குத் தெரியும்ல? அறிவான புள்ள. தெரியும்ல சார்? நல்லா இருந்தா பச்சைன்னு எழுதியிருக்கா. நான் சிவப்பை... அன்னைலேருந்துதான அவ ஒண்ணும் கேக்கலை. போன்லயும் அம்மாவைக் கேக்கலை. நான்கூடப் பக்குவம்னு... வார்டனம்மா சாப்பிட மாட்டேங்குறான்னு சொன்னாங்களே.

இத்தனை நாளா அவ என்ன சார் நினைச்சிக்கிட்டிருப்பா? அம்மா இல்லன்னா? அம்மா செத்துப்போயிட்டான்னா? செத்ததைக்கூட அப்பன் சொல்லாம மறைக்கிறான்னு நினைச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம, அதையும் வச்சுக்கிட்டுப் படிச்சிட்டிருக்காளா?

ஜன்னலைத் திறங்க சார். திறங்க, மூச்சு முட்டுது. சட்டை நாசமாப் போகட்டும்.

இதை மாத்த முடியுமா பாருங்களேன். இப்பப் பச்சையை அமுக்கினா? இதோ, அமுக்கிட்டேன். 'கோரிக்கை காலாவதியானது'ன்னு வருது. காலாவதின்னா? என்னங்கய்யா இது, திரும்பிப் போக வழி வைக்க மாட்டாங்களா ஒருத்தனும்? வார்டனம்மாவுக்குப் போடறேன். அடிக்குது. எடுக்கலை. விழாவுல இருப்பாங்க, மைக் சத்தத்துல எங்க கேக்கும்.

புள்ளைங்களை முன் வரிசையில உக்கார வச்சிருப்பாங்க சார். நான் கேட்டுக்குள்ள நுழையறதை அவ பாத்துருவா. என்னைப் பாக்க மாட்டா, என் பின்னாடி தேடுவா, கூட யார் வர்றாங்கன்னு. யாரும் வரலை. நான் ஒருத்தனா வெள்ளைச் சட்டையில போய் நிக்கிறேன். அது போதும் சார் அவளுக்கு. நான் வாயைத் திறந்து என்ன சொன்னாலும் நம்புவாளா? கோயில்னு சொன்னேன், சித்தி வீடுன்னு சொன்னேன், தூங்குறான்னு சொன்னேன்!

கண்டக்டர்! கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்களேன்! இல்ல, நிறுத்துங்க, நான் எறங்கித் திரும்பிப் போய்ப் பூங்கொடியைக் கூட்டிட்டு... அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆயிருமே. அது வரைக்கும் அந்தப் புள்ள? வேணாம், நிறுத்தாதீங்க, போங்க, போங்க.

பூங்கொடிக்குப் போடறேன். எடு, எடு, எடு.

ஹலோ. பூங்கொடி, எங்க இருக்க? இன்னும் பஸ் ஸ்டாண்டுலயேவா? அடுத்த நாமக்கல் பஸ் நிக்குதா? அதைப் புடிச்சு வா. ஆமா, நான்தான் வேணாம்னேன். இப்ப வான்னு சொல்றேன். இல்ல, புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. என்னை ஒண்ணும் கேக்காத, ஏறி உக்காரு. உக்காந்தியா? போனை மட்டும் வச்சிராத. நான் பாப்பா காதுல இதைக் கொண்டுபோய் வைக்கிற வரைக்கும் வச்சிராத. டாக்டர் பேசக் கூடாதுன்னாருதான், தெரியும். நீ அதிகம் பேச வேண்டாம். கூப்புட்டா 'ம்'னு சொன்னாக்கூடப் போதும். இருமினாக்கூடப் போதும், அவளுக்கு உன் இருமல் தெரியும். அந்தக் குரலே இருக்கட்டும், பரவாயில்ல.

சார், அந்தக் காகிதம் கீழ விழுந்துருச்சா? கெடக்கட்டும், எடுக்காதீங்க. பாலம் தாண்டியாச்சு, ஸ்கூல் வாசல் இங்கதான். வழி விடுங்கம்மா, கொஞ்சம் நகருங்க, எறங்கணும்.

ஹலோ. ஹலோ, பூங்கொடி. இருக்கியா? இருக்கேன்னு சொல்லு.